கையெழுத்துக்கு மட்டுமா கூட்டம்?

நம் வணிகர்களில் பலர் கூட்டு வியாபாரத்தைப் பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக மாற்றியிருக்கிறோம். பெயர்ப் பலகை மாறியது, பழக்கம் மாறவில்லை. ஆண்டு முடிவில் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து மினிட்ஸ் புத்தகம் வரும். பென்சிலால் குறியிட்ட இடங்களில் கையெழுத்துப் போடுவோம். அதற்குப் பெயர் டைரக்டர்கள் கூட்டம்!

நாங்களும் அப்படித்தான் இருந்தோம். எங்கள் பருப்பு மண்டியில் டைரக்டர்கள் நால்வரும் உறவினர்கள். ஒருமுறை விலை ஏறும் என்று நம்பி 400 மூட்டை துவரம் பருப்பு வாங்கி இருப்பு வைத்தோம். விலை இறங்கியது. "நான் அன்றே வேண்டாம் என்றேன்" என்றார் ஒருவர். "டீ குடிக்கும்போது சரியென்று தலையாட்டினீர்களே" என்றார் மற்றவர். மினிட்ஸ் புத்தகத்தில் பருப்பைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. நஷ்டம் அடுத்த சீசனில் ஈடாகிவிட்டது. ஆனால் இரு வீட்டாரும் பேசிக்கொள்ள மூன்று வருடம் ஆயிற்று.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி ஆண்டுக்கு நான்கு கூட்டமாவது நடத்த வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாள்களுக்கு மேல் போகக் கூடாது. சிறிய கம்பெனி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு அரையாண்டுக்கு ஒன்று, 90 நாள் இடைவெளியுடன், போதும். சாதாரணமாக 7 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். நடந்ததை 30 நாள்களுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். இவை பெரிய பாரமல்ல. பாரம் என்று நினைத்துத்தான் கெடுகிறோம்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். கூட்டம் கடையில் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் வாடிக்கையாளரும் லாரிக்காரரும் விடமாட்டார்கள். விடுமுறை நாள் காலையில், வீட்டில், ஒன்றரை மணி நேரம். சரக்கு இருப்பு, பாங்கி பாக்கி, 60 நாள் தாண்டிய வெளிபாக்கி மூன்றையும் ஒரே தாளில் எழுதி, நோட்டீசுடன் முன்பே கொடுத்துவிடுகிறோம். முதலில் பெரிய விஷயம். மூட்டைக்கூலி, மின்கட்டணம் எல்லாம் கடைசியில். இளையவர் முதலில் பேசுவார். பெரியவர் முதலில் பேசிவிட்டால் பிறகு யார் வாய் திறப்பார்? ஒரு டைரக்டரின் சொந்தக்காரருக்குக் கடன் சரக்கு என்றால், அவர் தம் சம்பந்தத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்காருவார்.

முடிவு என்ன, செய்பவர் யார், எந்தத் தேதிக்குள் என்று மூன்றையும் அங்கேயே எழுதுகிறோம். மறுத்தவர் பெயரும் பதிவாகும். அடுத்த கூட்டம் அந்தத் தாளைப் படிப்பதில்தான் தொடங்கும்.

"அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. வெளியாரிடம் சண்டை வந்தால் வியாபாரம்தான் போகும். அண்ணன் தம்பிக்குள் வந்தால் வீடும் போகும். ஆகவே உறவினர் கம்பெனிக்குத்தான் எழுத்து அதிகம் தேவை.

அடுத்த முறை மினிட்ஸ் புத்தகம் கையெழுத்துக்கு வந்தால், பேனாவை எடுக்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: இந்தக் கூட்டத்தில் நாம் இருந்தோமா?