இறக்கைக்குப் பணம் உண்டு, இயந்திரத்துக்கு இல்லை

ராடரின் கண்ணில் இலகுவில் படாத 'ஸ்டெல்த்' வகைப் போர் விமானம் ஒன்றைச் சொந்தமாக உருவாக்க இந்தியா முனைந்துள்ளது. 'ஆம்கா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இத்திட்டத்தின் மாதிரி விமானங்களுக்கென 2024 மார்ச்சில் இந்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஏறத்தாழ 15,000 கோடி ரூபாவுக்கு ஒப்புதல் அளித்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போவானா என்று ஏளனம் செய்வோர் ஒருபுறம். வறுமை நீங்காத நாட்டுக்கு இது எதற்கு என்று கேட்போர் மறுபுறம். இரு சாராருமே கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை.

பணம் உண்மையிலேயே இல்லையா? 2016இல் பிரான்ஸிடமிருந்து 36 ரபேல் விமானங்களை வாங்க இந்தியா செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெறுமதி ஏறத்தாழ 59,000 கோடி ரூபா. ஆம்காவுக்குப் பல ஆண்டுகளுக்கென ஒதுக்கப்பட்டதோ அதில் நாலில் ஒரு பங்கு. 2025-26ஆம் ஆண்டின் பாதுகாப்புச் செலவினம் மட்டும் 6.81 இலட்சம் கோடி ரூபா. ஆக, கஜானா வெறுமையாக இல்லை. பிறரிடம் வாங்கும்போது தாராளமாக விரியும் கை, சொந்தமாக ஆக்கும்போது மட்டும் இறுகிக்கொள்கிறது.

அந்த இறுக்கத்துக்கு முதலில் பலியாவது எப்போதும் இயந்திரமே. ஜேர்மன் பொறியியலாளர் குர்ட் டாங்க் வடிவமைத்த 'மாருத்' விமானம் 1961 ஜூன் 17ஆம் திகதி முதன்முறையாகப் பறந்தது. ஒலியின் வேகத்தை விஞ்சுவதற்கென வடிவமைக்கப்பட்ட விமானம் அது. அதற்கேற்ற ஓர்ஃபியஸ் இயந்திரத்தை மேம்படுத்தும் செலவை ஏற்க டில்லி மறுத்தது. வலுக்குறைந்த இயந்திரத்தைச் சுமந்தே மாருத் தன் காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றது. அன்று மிச்சம் பிடித்த பணத்தின் விலையை இந்தியா இன்றுவரை செலுத்திக் கொண்டிருக்கிறது.

அடுத்தது 'காவேரி' இயந்திரம். 1989இல் 383 கோடி ரூபா மதிப்பீட்டில் ஆரம்பிக்கப்பட்ட திட்டம், உரிய உந்துவிசையை எட்டாததால் 2008இல் தேஜஸ் விமானத்திலிருந்து பிரிக்கப்பட்டது. விஞ்ஞானிகளைக் குறைகூறுவது எளிது. ஆனால் அந்த இயந்திரத்தைப் பறக்கும் விமானத்தில் பொருத்திச் சோதிக்க 2010இல் ரஷ்யாவுக்கு அல்லவா கொண்டுபோக நேர்ந்தது! சோதனைக்கூடம் கட்டித் தராமல் சாதனையை எதிர்பார்ப்பது எந்த நியாயம்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

இதன் விளைவைத் தேஜஸ் அனுபவித்தது. 83 மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய எஃப்404 இயந்திரங்களில் முதலாவது 2025 மார்ச்சிலேதான் கையளிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் கடைசி மிக்-21 விமானங்களும் ஓய்வு பெற்றபோது, 42 அணிகள் இருக்கவேண்டிய இந்திய விமானப்படையிடம் 29 அணிகளே எஞ்சின.

ஆம்காவின் முதற்கட்ட விமானங்களையும் அமெரிக்க எஃப்414 இயந்திரத்தைக் கொண்டு பறக்கவிடவே திட்டமிடப்பட்டுள்ளது. எதிரியின் ராடருக்கு அது மறையலாம். இயந்திரம் விற்பவனின் தயவுக்கு மறையுமா? பிரான்ஸின் சஃப்ரான் நிறுவனத்துடன் இணைந்து இயந்திரம் உருவாக்கப்படும் என்று 2025 ஓகஸ்டில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் அறிவித்தார். நல்லது. ஆனால் கடும் வெப்பத்தைத் தாங்கும் ஒற்றைப் படிகச் சுழலித் தகடுகளை வார்க்கும் நுட்பம் கைக்கு வராவிட்டால், அது கூட்டு முயற்சி அல்ல, இன்னொரு கொள்முதல்.

சிக்கனம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வளம் குறைந்த நாடு எதைச் செய்யாமல் விடலாம் என்று தெரிவுசெய்தே ஆகவேண்டும். ஆனால் விட முடியாததை விட்டுவிட்டுச் சிக்கனம் என்று பெயர் சூட்டக்கூடாது. இயந்திரத்துக்கும் சோதனைக்கூடங்களுக்கும் விமானத் திட்டத்தின் ஏற்ற இறக்கங்கள் தீண்டாத தனி நிதி வேண்டும். ஆட்சி மாறினாலும் இருபது ஆண்டுகள் நிற்கும் உறுதி வேண்டும். அதற்கு மனமில்லையேல், 'சுதேசி' என்ற சொல்லை விமானத்தின் இறக்கையில் எழுதிக்கொள்ளட்டும். இயந்திரத்தில் எழுத வேண்டாம்.