உடைந்தால் என்ன ஆகும்?
(துப்பாக்கி சுடும் பிள்ளைகளின் பெற்றோருக்குச் சில யோசனைகள்)

நம் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் என்றால் முதலில் படிப்பு. அதற்கு அடுத்தபடியாகப் பாட்டு, பரதநாட்டியம், கிரிக்கெட். இந்த வரிசையில் துப்பாக்கி சுடும் விளையாட்டும் இப்போது மெல்ல இடம் பிடித்து வருகிறது. 2008-ல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற நாளிலிருந்தே பிள்ளைகளின் கண் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்ற ஸ்வப்னில் குசாலே, கொல்லாப்பூர் மாவட்டத்துப் பையன். மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராகப் பணியாற்றியவர். ரயில்வேயில் காலம் கழித்த என் போன்றவர்களுக்கு அன்று வீட்டில் பாயசம் வைக்காதது ஒன்றுதான் குறை!

நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருத்தியும் இந்த விளையாட்டில் பெயர் பெற்றிருக்கிறாள். கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் உலகக் கோப்பையில் தங்கம் வென்றாள். டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்குகளிலும் இந்தியாவுக்காக நின்றாள். மும்பைக்கும் இதில் பழைய பெருமை உண்டு. என்.சி.சி. மூலம் துப்பாக்கியைத் தொட்ட அஞ்சலி பாகவத்தும், அவருடன் சுமா ஷிரூரும் வொர்லியிலுள்ள மகாராஷ்டிரா ரைபிள் சங்கத்தில் பயின்று ஒலிம்பிக் இறுதிச் சுற்று வரை சென்றவர்கள்.

ஆசை இருக்கிறது, வழிகாட்ட ஆளும் இருக்கிறார்கள். பல வீடுகளில் தடையாக வந்து நிற்பது ஒரு பட்டியல். பயிற்சி தொடங்கிய சில மாதங்களில் பிள்ளை ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டும். கோட், பேன்ட், கையுறை, ஸ்லிங், முழங்கால் உருளை, கண் மறைப்பு, துப்பாக்கிப் பை என்று நீளும் அந்தப் பட்டியலில் பாதி வெளிநாட்டுச் சாமான். அப்பா அதைப் பார்ப்பார், மடித்துச் சட்டைப் பையில் வைப்பார், "பத்தாவது முடியட்டும், பார்க்கலாம்" என்பார். அத்தோடு சரி. செம்பூரிலும் சயானிலும் இப்படி நின்றுபோன பிள்ளைகளை நான் அறிவேன்.

என் அபிப்பிராயம் இதுதான். அந்தப் பட்டியலில் ஏறக்குறைய பாதியை நாமே செய்யலாம், அல்லது நம் கண் முன்னே செய்வித்துக் கொள்ளலாம். ஆனால் எந்தப் பாதி என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும். ஒர்க்‌ஷாப்பில் எந்த உதிரிப் பாகத்தைக் கையில் எடுத்தாலும் நாங்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது: "இது உடைந்தால் என்ன ஆகும்?" பயணியின் இருக்கை உறை கிழிந்தால் முணுமுணுப்பு வரும். பிரேக் கட்டை உடைந்தால் உயிர் போகும். இரண்டையும் ஒரே மனதோடு செய்ய முடியாது. பிள்ளையின் சாமானும் அப்படியே. உடைந்தால் ஒரு நாள் பயிற்சி மட்டும் கெடும் என்றால் தைரியமாக வீட்டில் செய்யுங்கள். உடைந்தால் கண்ணுக்கோ காதுக்கோ அடுத்தவருக்கோ ஆபத்து என்றால் கடையில் வாங்குங்கள்.

முதலில் முழங்கால் உருளையை எடுத்துக்கொள்வோம். குசாலே வென்ற போட்டியில் மண்டியிட்டும், படுத்தும், நின்றும் ஒவ்வொரு நிலையிலும் 20 குண்டு சுட வேண்டும். மண்டியிடும்போது வலது கால் கணுக்காலுக்கு அடியில் வைக்கும் சிறு திண்டுதான் இந்த உருளை. சர்வதேச விதிப்படி அதன் நீளம் 25 சென்டிமீட்டருக்கும் விட்டம் 18 சென்டிமீட்டருக்கும் மிகக் கூடாது. மென்மையாக, வளையக் கூடியதாக இருக்க வேண்டும். கயிறு கட்டி வடிவம் கொண்டுவரக் கூடாது. நம் பாட்டிமார் தைத்த திண்டுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

அளவில்தான் வித்தியாசம். 18 சென்டிமீட்டர் என்று விதி சொன்னால் நாம் 17-க்குத் தைக்க வேண்டும். நிரப்பியதும் துணி உப்பும் அல்லவா? 17 சென்டிமீட்டர் விட்டத்துக்குச் சுற்றளவு 53.4 சென்டிமீட்டர் வரும். இரு பக்கமும் தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் 56.4. நீளம் 24 வேண்டுமென்றால் 27-க்கு வெட்டுங்கள். இரு முனை வட்டங்களும் 20 சென்டிமீட்டர் விட்டம். கெட்டியான கான்வாஸ் துணி போதும். தைத்து முடித்ததும் ஒரு அட்டையில் 18 சென்டிமீட்டர் விட்டத்தில் ஓட்டை வெட்டி உருளையை அதற்குள் விட்டுப் பாருங்கள். நெருடாமல் போனால் சரி; சிக்கினால் கொஞ்சம் நிரப்பைக் குறையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் 'கோ, நோ-கோ கேஜ்' என்று நாங்கள் வைத்திருப்பதும் இதே சங்கதிதான்.

எதை நிரப்புவது? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் அம்மா ஆசையாக இலவம் பஞ்சை அடைத்துக் கொடுத்தார். ஒரு வாரத்தில் அது தோசையாகிவிட்டது. பஞ்சு அமுங்கும், அமுங்கியது எழாது. உமி போல உதிரியாக உள்ள பொருள் காலின் வடிவத்துக்கு நகர்ந்து கொடுத்து, பிறகு அசையாமல் நிற்கும். பிறகு அந்தப் பெண்ணுக்கு உமிதான் நிரப்பினோம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, உள்ளே நைலான் பை ஒன்று தைத்து, அதில் கொட்டினோம். மும்பை மழைக்கு உமி பூத்துப்போகும் என்பதால் ஜூன் பிறக்கும் முன் ஒரு முறை மாற்றிவிட வேண்டும். நிரப்பும் எடையைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள். அடுத்த முறையும் அதே எடை போட்டால் அதே உயரம் கிடைக்கும். உயரம் மாறினால் பிள்ளையின் குறியும் மாறும்.

அடுத்து கண் மறைப்பு. குறி பார்க்காத கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் முகம் வலிக்கும், பார்க்கும் கண்ணும் சோர்ந்துவிடும். அதனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மிகாத சிறு தகடு ஒன்றைத் தொங்கவிடுகிறார்கள். கறுப்புத் தகட்டை விடப் பால் நிறத் தகடு நல்லது. ஒரு கண் இருட்டில் இருந்தால் இரண்டு கண்மணிகளும் சேர்ந்தே விரியும்; வெளிச்சம் கசியும் தகட்டில் அந்தத் தொல்லை குறைவு. இதற்கு இறக்குமதி எதற்கு? ஸ்ரீகண்ட் டப்பாவின் வெள்ளை மூடியை வெட்டி, விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துத் தொப்பியில் பொருத்தினால் முடிந்தது.

மூன்றாவது, வீட்டுப் பயிற்சிக்கான இலக்கு அட்டை. ஏர் ரைபிள் போட்டியில் தூரம் 10 மீட்டர். நம் ஒண்டிக் குடித்தனங்களில் 10 மீட்டருக்கு எங்கே போவது? ஹாலின் சுவரிலிருந்து சமையலறை வாசல் வரை அளந்தால் 3 மீட்டர் கிடைத்தாலே அதிர்ஷ்டம். கவலை வேண்டாம். அட்டையில் கண்ணுக்குத் தெரியும் கறுப்பு வட்டத்தின் விட்டம் 30.5 மில்லிமீட்டர். பத்தாம் வகுப்பில் படித்த ஒத்த முக்கோணக் கணக்கைப் போடுங்கள். 5 மீட்டரில் அதே தோற்றத்துக்கு 15.25 மில்லிமீட்டர் வட்டம். 3 மீட்டரில் 9.15. பிள்ளையையே வரையச் சொல்லுங்கள். பள்ளிக் கணக்கு எதற்கு உதவும் என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. எந்த உயரத்தில் ஒட்டுவது என்பதைப் பயிற்சியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கண்டிப்பு: இது குறி பிடித்து அசையாமல் நிற்கும் பயிற்சி மட்டுமே. அந்த அறையில் குண்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

இனி ஸ்லிங் என்னும் தோல் வார். இது நம் கேள்விக்கு நடுவில் நிற்கும் சாமான். படுத்தும் மண்டியிட்டும் சுடும்போது துப்பாக்கியின் பாரத்தை இடது மேற்கையில் மாட்டிய இந்த வார்தான் தாங்குகிறது. அகலம் 40 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. இது அறுந்தால் துப்பாக்கியின் முனை சட்டென்று தாழும். ஆகவே இதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தைக்காதீர்கள். தாராவிக்குப் போங்கள்.

தாராவி என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் நம்மவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த நம் மக்கள் அங்கே தோல் பதனிட்டும் தைத்தும் பிழைத்திருக்கிறார்கள். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியே போய்விட்டாலும், சயான்–பாந்த்ரா லிங்க் ரோட்டுக் கடைகளிலும் அவற்றுக்குப் பின்னாலுள்ள கார்கானாக்களிலும் தைக்கும் கை இன்னும் இருக்கிறது. வார் வேண்டும் என்று சொன்னால், அனுபவமுள்ள காரிகர் தோலின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுவார். வயிற்றுப் பகுதித் தோல் இழுக்க இழுக்க நீளும். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்துக் கையால் தைக்கச் சொல்லுங்கள். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் வரிசையாக அவிழ இடமுண்டு. இரட்டை ஊசித் தையலில் ஒரு இழை போனாலும் மற்றது பிடித்து நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு அரிசி மூட்டையைக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரவு முழுக்கத் தொங்கவிடுங்கள். கிரேன்களை அவற்றின் சுமைத்திறனுக்கு மேல் கால் பங்கு கூடுதலாக ஏற்றிச் சோதித்த பிறகே நாங்கள் வேலைக்கு விடுவோம். உங்கள் வாரும் வரப்போகும் பாரத்தை விடக் கூடுதலாகத் தாங்கிக் காட்டட்டும். நீள வேண்டியது அந்த இரவிலேயே நீண்டுவிடும். கடைசியாகப் பயிற்சியாளர் கையில் கொடுத்து அவர் சரி என்ற பிறகே மாட்டுங்கள்.

செய்யவே கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கண் காக்கும் கண்ணாடி, காது மூடி இரண்டும் கடையில் வாங்க வேண்டியவை. குண்டைத் தடுத்து நிறுத்தும் பெட்டியை வீட்டில் செய்யும் யோசனையே வேண்டாம். அது தவறினால் ஈயக் குண்டு திரும்பி வரும். கோட்டும் பேன்ட்டும் ஆபத்தான சாமான் இல்லைதான். ஆனாலும் துணியின் கனம் 2.5 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது, விறைப்பும் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று கருவி வைத்து அளக்கிறார்கள். அந்தக் கருவி நம்மிடம் இல்லை. நம் நாட்டிலேயே இவற்றைத் தைக்கும் நிறுவனங்கள் இப்போது இருக்கின்றன. பெரிய பிள்ளைகள் விட்ட கோட்டும் கிளப்பில் கிடைக்கும். துப்பாக்கியையோ, அதன் உள் உறுப்புகளையோ, குண்டையோ கையால் செய்வதும் மாற்றுவதும் கூடவே கூடாது. உரிமம் இன்றி ஆயுதம் செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் என் கேள்விக்கு அங்கே ஒரே பதில்தான்.

இன்னும் இரண்டு குறிப்பு. நம் ஊர் மழைக்காலத்தில் பஞ்சு வைத்த பைக்குள் துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் பஞ்சு ஈரத்தைப் பிடித்துவைத்துத் துருவைக் கொடுக்கும். பை, பயணத்துக்கு மட்டும். தோல் சாமான்களைக் காற்றாடத் தொங்கவிடுங்கள். சுட்டுவிட்டு வரும் பிள்ளை கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே தட்டில் உட்கார வேண்டும். குண்டு ஈயம் என்பதை மறக்க வேண்டாம்.

"இத்தனை மெனக்கெடுவதற்குப் பதில் கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமே" என்று சிலர் கேட்பார்கள். வசதி உள்ளவர்கள் வாங்கட்டும், நான் தடுக்கவில்லை. வசதி இல்லாதவர் "வேண்டாம்" என்று சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். இன்னொரு லாபமும் உண்டு. தன் உருளையைத் தானே நிரப்பிய பிள்ளைக்கு, போட்டியன்று அது சரிந்தால் என்ன செய்வது என்று தெரியும். வாங்கிய பிள்ளை அப்பாவுக்குப் போன் செய்யும்.

கை வேலை நமக்குக் கீழே என்ற எண்ணம் நம்மிடம் எப்படியோ புகுந்துவிட்டது. தோலைத் தொட்டவரை ஊரில் ஒதுக்கினோம். அந்த ஒதுக்கலை மூட்டையில் கட்டி மும்பைக்கும் கொண்டுவந்தோம். அதே தோல் வாரைப் பிடித்துக்கொண்டு நம் பிள்ளை பதக்கம் வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். இது நியாயமா? தாராவிக் காரிகரிடம் போகும்போது பேரம் பேசிக் குறைக்காதீர்கள். வெளிநாட்டு வாருக்குக் கேட்ட விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்கள்தானே நாம்? மறுசீரமைப்புத் திட்டத்தால் தாராவியின் சந்துகள் இடம் மாறப் போகின்றன. அந்தக் கைகள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாத காலம் இது. வேலை கொடுப்பதே நாம் செய்யக் கூடிய மரியாதை.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை அரங்கைத் திறந்து வையுங்கள். தையல் தெரிந்த தாய்மார்கள், தாராவியிலிருந்து இரண்டு காரிகர்கள், என்னைப் போல் ஓய்வு பெற்று வீட்டில் செய்தித்தாளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருக்கும் நாலைந்து பேர், ஒரு பயிற்சியாளர் - இவ்வளவு பேர் போதும். காரிகர்களுக்கு அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கட்டும். பட்டியலைச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கும் அப்பாக்கள் அதை எடுத்துக்கொண்டு வரட்டும். அளவு நாடாவும் அட்டையில் வெட்டிய கேஜும் நான் கொண்டு வருகிறேன்.