நால்வருக்கு ஒரே வக்காலத்து

சிறு தேசமொன்று கஷ்டகாலத்தில் சர்வதேச நிதி ஸ்தாபனங்களை நாடும்பொழுது, அதற்குக் கடன் கிடைக்குமா என்றே எல்லோரும் கேட்கின்றனர். நிபந்தனை வகுக்கும் சபையில் அதற்குக் குரல் உண்டா என்று கேட்போர் சிலரே.

1944-ம் வருஷம் அமெரிக்காவில் பிரெட்டன் வுட்ஸில் 44 தேசங்கள் கூடி, சர்வதேச நிதி ஸ்தாபனத்தையும் உலக பாங்கையும் அமைக்கத் தீர்மானித்தன. அன்று பராதீனத்திலிருந்த இந்தியாவின் பிரதிநிதிக் குழுவுக்கு ஓர் ஆங்கிலேயரே தலைவர். கோயம்புத்தூர் ஸ்ரீ ஆர். கே. ஷண்முகம் செட்டியாரும் அதில் அங்கத்தினர். யுத்தகாலத்தில் பிரிட்டன் நமக்குப் பட்ட ஸ்டெர்லிங் கடனுக்குப் புதிய ஸ்தாபனத்தின் மூலம் வழி காண வேண்டுமென்று நமது பிரதிநிதிகள் வாதாடினர். பிரிட்டன் இணங்கவில்லை. கடன் கொடுத்த நமது சொல்லே அன்று அம்பலம் ஏறவில்லை. கடன் கேட்போர் கதியைச் சொல்ல வேண்டுமா?

நிதி ஸ்தாபனத்தில் வாக்குரிமை பெரும்பாலும் பங்குத் தொகையைப் பொறுத்தது. அமெரிக்காவுக்குச் சுமார் நூற்றுக்கு 16 வாக்குகள். முக்கிய மாறுதல்களுக்கு 85 தேவையாதலால், அத்தேசம் தனித்தே அவற்றைத் தடுக்கலாம். இலங்கைக்கு நூற்றில் கால் வாக்குக்கூட இல்லை. நிர்வாக சபையில் இந்தியா, வங்காள தேசம், இலங்கை, பூட்டான் நான்குக்கும் சேர்த்து ஒரே டைரக்டர். அவர் வழக்கமாக இந்தியரே. நான்கு தேசங்களின் வாக்குகளையும் அவர் பிரிக்காமல் ஒருசேரவே அளிக்க வேண்டுமென்பது விதி.

2022 ஏப்ரலில் இலங்கை அந்நியக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சுமார் 290 கோடி டாலர் கடன் மஞ்சூராயிற்று. சர்க்கார் வருமானத்தைப் பெருக்கும் ஏற்பாட்டில், 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவிகிதத்திலிருந்து 18 ஆயிற்று. கொழும்பு ஆட்சியாளர் 2019-ல் வரிகளைத் தாராளமாகக் குறைத்தது பெரும் பிழையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அப்பிழையின் பாரத்தை மலையகத் தோட்டத் தொழிலாளியும் யாழ்ப்பாணத்து மீனவனும் சேர்ந்தன்றோ சுமக்கின்றனர்?

விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயிகளுக்கு இதை விஸ்தரிக்க வேண்டியதில்லை. 2007-ல் ஆரம்பித்த உலக பாங்குக் கடன் திட்டத்தில் தமிழ்நாட்டு ஏரிகள் பல செப்பனிடப்பட்டன. ஏரி எவ்வளவு நிரம்பினாலும், தலைமடைக்காரர் மட்டும் கூடி முறை வகுத்தால் கடைமடை வயல் காயும் என்பது அவர்கள் அறிந்ததே.

2023 ஜனவரியில், இலங்கையின் கடன் சீரமைப்புக்கு மற்றவருக்கு முந்தி இந்தியா உறுதியளித்ததை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். எனினும் தயவு வேறு, உரிமை வேறு. நால்வருக்கு வக்காலத்து வாங்கிய வக்கீல், பெரிய கட்சிக்காரருக்காக மட்டும் வாதாடுதல் தர்மமாகாது. முக்கிய விஷயங்களில் மற்ற மூன்று தேசங்களையும் முன்னரே கலந்துகொள்ள வேண்டும்; வாக்கைப் பிரிக்க இயலாவிடினும், மாறுபட்ட அபிப்பிராயத்தைச் சபையின் குறிப்பில் ஏற்ற வேண்டும்; டைரக்டர் பதவியும் முறை வைத்துச் சுழல வேண்டும். வல்லரசுகளிடம் நாம் கோரும் நியாயத்தை நம்மினும் சிறியோருக்கு நாமே முதலில் வழங்குவோமாக. அன்றே நமது கோரிக்கைக்கு வலுவுண்டாகும்.