அரிசி மூட்டை தூங்கும், வட்டி தூங்காது!

ஆம்பூர் தோல் பதனிடும் ஊர். காலணி செய்யும் ஊர். ஆனால் சென்னை – பெங்களூரு சாலையில் போகிறவர்களை வண்டியை நிறுத்தி இறங்க வைப்பது பிரியாணிதான்!

பகல் 1 மணிக்கே தேக்சா காலியானால் கடைக்காரருக்குப் பெருமை. "தீர்ந்துபோச்சுங்க" என்று சிரிக்கிறார். வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போகிறார். இதில் என்ன பெருமை? மறுநாள் கறியைக் கூடுதலாக வாங்குகிறார். அன்று மிஞ்சிப்போகிறது. இரண்டு நாளும் நஷ்டம்!

கறி அன்றன்று வாங்க வேண்டிய சரக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் அளவு, செவ்வாய்க்கு ஓர் அளவு. தொழிற்சாலையில் சம்பளம் போட்டால் கூட்டம் கூடும். புரட்டாசியில் பல வீடுகளில் கறி கிடையாது. ரம்ஜான் நோன்பு மாதத்தில் பகல் வியாபாரம் படுத்துவிடும். மனக்கணக்கு போதாது, தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

சீரகச்சம்பா அரிசி அப்படி அல்ல. பழசானால் குழையாமல் உதிரியாக வரும். அதற்காக 50 மூட்டை வாங்கி அடுக்குவதா? சொந்தப் பணம் உள்ளவர் அடுக்கட்டும். கடன் வாங்கிக் கடை நடத்துகிறவர் அடுக்கினால் என்ன ஆகும்? மூட்டை தூங்கும், வட்டி தூங்காது!

4 மூட்டை அடையாளம்

ஒரு சிறிய கடையில் தினம் 20 கிலோ அரிசி செலவு என்று வைத்துக்கொள்வோம். சொன்ன பிறகு சரக்கு வர 3 நாள். மழை, லாரி தாமதம் என்றால் மேலும் 2 நாள். ஆக, 5 நாளுக்கு 100 கிலோ. அதாவது 25 கிலோ மூட்டை 4. நாலே மூட்டை மிச்சம் என்றால் அன்றே மண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைப் பார்த்துச் சொல்லலாம்.

எத்தனை மூட்டை வாங்குவது? இந்தக் கேள்விக்கு 1913-ல் வழி சொன்னவர் போர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்க எஞ்சினீயர். (கார் செய்த போர்டு வேறு!) அடிக்கடி வாங்கினால் வண்டிக்கூலி ஏறும். மொத்தமாக வாங்கினால் வட்டி ஏறும். இரண்டும் சமமாகிற இடத்தில் செலவு மிகக் குறைவு.

அரிசி கிலோ 100 ரூபாய், ஒரு நடைக்கு வண்டிக்கூலி 150 ரூபாய், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி என்றால், 12 மூட்டை சரி. 15 நாளுக்கு வரும். ஆண்டுக்கு வண்டிக்கூலியும் வட்டியும் தலா சுமார் 3,600 ரூபாய். தண்டல்காரரிடம் வட்டி இதைவிட அதிகம்; அவரிடம் வாங்கியவர் மூட்டையையும் குறைக்க வேண்டும்.

விறகுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. ஐப்பசி மழைக்கு முன்பே காய்ந்த விறகு உள்ளே வந்துவிட வேண்டும். ஈர விறகு புகையும், தம் கெட்டுப்போகும்.