பெரிய முதலாளிகள் ஸ்கிரீனில் வந்தால் போதுமா, நேரில் வரணுமா?

காரிமங்கலம் சந்தைக்குப் போயிருக்கீங்களா? செவ்வாய்க்கிழமை கூடும். மாடு விற்கிற இடத்தில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுவார்கள். பல்லைப் பார்த்து, நடக்க விட்டு, மடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பணம் கை மாறும். இத்தனைக்கும் எல்லோர் பையிலும் வாட்ஸ்அப் இருக்கு. போன வாரம் என்ன விலை போச்சு என்று போனில் கேட்பார்கள். மாட்டை மட்டும் போனில் வாங்க மாட்டார்கள்.

என்னடா, பி.காம் படிக்கிறவன் மாட்டைப் பிடிச்சுக்கிட்டு வர்றானே என்று பார்க்காதீங்க :) எம்.டி., சி.இ.ஓ. மாதிரி பெரிய ஆட்களுக்கு நடத்தும் பிசினஸ் மாநாடு ஆன்லைனில் நடக்கணுமா, நேரில் நடக்கணுமா என்று எங்கள் வகுப்பில் ஒரு நாள் பெரிய சண்டை. பாதிக்கு மேல் ஆன்லைன் கட்சி. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கு. விமான டிக்கெட், ஓட்டல் ரூம் எல்லாம் மிச்சம். அதைவிட முக்கியம் நேரம். ஒரு சி.இ.ஓ.வின் ரெண்டு நாள் என்பது சின்ன விலையா?

சட்டமும் அவர்கள் பக்கம்தான். 2013 கம்பெனிச் சட்டம் 173(2)-ஆம் பிரிவு, இயக்குநர்கள் போர்டு மீட்டிங்கில் வீடியோ வழியாகக் கலந்துகொள்ள அனுமதிக்குது. ஆனால் 2014-ல் வந்த விதிகளில் ஒரு தடை இருந்தது. ஆண்டுக் கணக்கை ஒப்புக்கொள்வது, கம்பெனி இணைப்பு மாதிரி பெரிய விஷயங்களை வீடியோவில் முடிக்கக்கூடாது. கொரோனா வந்ததும் 2020-ல் அதைத் தளர்த்தினார்கள். 2021 ஜூனில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள். ஒப்பந்தமும் அப்படித்தான். 2020 மே மாதம் தமிழக அரசு ரூ.15,128 கோடிக்கு 17 புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டதில் சில காணொலி வழியாகவே கையெழுத்தானது.

அப்புறம் எதுக்கு நேரில்? என் பதில் கொஞ்சம் அனுபவத்தில் வந்தது. ஆன்லைன் கிளாஸ் நடந்த காலத்தில், கேமராவை அணைத்துவிட்டு மாடு கட்டப் போனவன் நான். வருகைப் பதிவில் "பிரசென்ட்". சி.இ.ஓ.வும் மனுஷன்தானே? ஸ்கிரீனில் முகம் இருக்கும், கவனம் ஈமெயிலில் இருக்கும்.

உலகப் பொருளாதார மன்றத்தின் டாவோஸ் கூட்டத்தைப் பாருங்க. 2021 ஜனவரியில் அது முழுக்க ஆன்லைனில் நடந்தது. ஆனாலும் 2022 மே மாதம் மறுபடி அந்த மலை ஊருக்கே எல்லோரும் போனார்கள். பேச்சைக் கேட்க மட்டும் என்றால் போக வேண்டிய அவசியமே இல்லை. மேடைக்கு வெளியே காபி குடிக்கும்போது நடக்கிற பேச்சுக்கு லிங்க் அனுப்ப முடியாது என்பதால்தான் போனார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போ நம்ம ஊருக்கு வர்றேன். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் சென்னையில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்தது. 631 ஒப்பந்தம், ரூ.6.64 லட்சம் கோடி. நான் நேரலையில்தான் பார்த்தேன். தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பேச்சுகளைக் கேட்க முடிந்ததே ஸ்கிரீனால்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன். நேரில் மட்டும்தான் என்றால் நம்மை மாதிரி ஆட்களுக்கு வாசல் வரைக்கும்கூட இடமில்லை.

அடுத்து 2025 செப்டம்பர் 11-ல் ஓசூரில் ஒரு முதலீட்டாளர் மாநாடு. 92 ஒப்பந்தம், ரூ.24,307 கோடி. தொகை சென்னையைவிட ரொம்பக் கம்மி. ஆனாலும் எனக்கு இதுதான் பெரிசாகத் தெரிந்தது. ஓசூர் 2004 வரைக்கும் எங்கள் தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதோடு போய்விட்டது. இன்றைக்கு எங்கள் ஊர்ப் பசங்க வேலைக்கு பஸ் ஏறுவது அந்தப் பக்கம்தான்.

அதியமான்கோட்டை, தடங்கம் பக்கம் சிப்காட் தொழிற்பூங்காவுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே தொழிற்சாலை கட்டப்போகிறவர் எதைப் பார்க்கணும்? ரோடு, கரண்ட், தண்ணீர், வேலைக்கு வரப்போகும் பசங்க. எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தண்ணீருக்கு எங்கள் ஜனம் பட்ட பாடு பவர்பாயிண்ட்டில் வராது. நேரில் வந்து ரெண்டு பேரிடம் பேசினால் தெரியும்.

ஆக, என் கட்சி இதுதான். கேட்க மட்டும் என்றால் ஸ்கிரீன் போதும். வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை எல்லாத்தையும் ஆன்லைனில் வைங்க, எல்லாக் கல்லூரிக்கும் திறந்து விடுங்க. நம்பிப் பணம் போடுகிற முடிவு என்றால் நேரில் வாங்க. அதுவும் சென்னை ஓட்டல் ஏ.சி. ஹாலோடு திரும்பிப் போகாமல், நிலம் இருக்கிற ஊருக்கு வாங்க. நேரில் வந்தும் மேடைப் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுப் போவதென்றால் அந்த விமான டிக்கெட் தண்டம்தான்.

மூணு வருஷம் படித்த டிகிரியோடு நாங்க வேலை தேடிக் கிளம்பப் போறோம். அந்த வேலை ஓசூரிலா, பெங்களூரிலா, இல்லை வீட்டிலிருந்து பைக்கில் போகிற தூரத்திலா என்பதை யாரோ ஒரு பெரிய மனுஷர் முடிவு பண்ணப் போறார். மாட்டை வாங்குறவரே நேரில் வந்து பல்லைப் பார்க்கிறார். எங்க ஊரை எடைபோடப் போறவர் ஒரு தடவையாவது நேரில் வந்து பார்க்கட்டுமே!