தப்பியவர் செலுத்தும் நன்றி

ஆபத்தொன்றில் மயிரிழையில் தப்பினால், "இறைவன் காத்தார்" என்கிறோம். நன்று. ஆனால் நமது நன்றி அத்துடன் நிறைவுறுமா?

2001 ஜனவரி 31 அன்று ஜப்பானின் யாய்சு நகருக்கு அண்மித்த வானில் இரு பயணிகள் விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கின. பயிற்சியிலிருந்த கட்டுப்பாட்டாளர் பறப்பு இலக்கத்தை மாற்றிக் கூறி, தவறான விமானத்தைக் கீழிறங்கப் பணித்தார். அவ்விமானத்தின் எச்சரிக்கைக் கருவியோ மேலெழும்படி கூறியது. விமானி கட்டுப்பாட்டாளருக்கே பணிந்தார். மற்றைய விமானம் தன் கருவியின்படி இறங்க, இரண்டும் ஒருசேரக் கீழிறங்கின. இறுதிக் கணத்தில் கண்ணாற் கண்டு விலகியதால் 677 பேரும் உயிர் தப்பினர்; சுமார் 100 பேர் காயமுற்றனர்.

இருவேறு கட்டளைகளில் எதற்குப் பணிவது என்பதில் அன்று பன்னாட்டு விதிகள் தெளிவாக இருக்கவில்லை. 2002 ஜூலை 1 இரவு ஜேர்மனியின் யூபர்லிங்கன் வானில் அதே முரண்பாடு மீண்டும் நேர்ந்தது. 71 பேர் மாண்டனர். அவர்களுட் பலர் சிறுவர். அதன் பின்னரே, கருவிக்கே பணிய வேண்டுமென விதி தெளிவாக்கப்பட்டது.

தப்பிய கணத்திலேயே பாடம் கற்பதற்கு, தவறியவர் அச்சமின்றி உண்மை பேச இடம் வேண்டும். அமெரிக்காவில் நாசா நிறுவனம் 1976 முதல், விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் பெயர் வெளிவராது தம் தவறுகளை அறிவிக்க வழிசெய்துள்ளது. ஒப்புரவு அருட்சாதனத்தின் அருமையறிந்த நமக்கு இதன் பயன் விளங்காதா?

பெற்றோரே, உண்மை சொன்ன பிள்ளையை முதலில் அடிப்பீர்களாயின், அடுத்த ஆபத்து உங்களுக்கு மறைக்கப்படும். பொறுமையுடன் கேளுங்கள்; பின்பு திருத்துங்கள். காத்த இறைவனுக்கு அதுவே முழுமையான நன்றி.