பெயருக்கு முன்னால் மட்டும் ஓர் ஊர்

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் நாளிதழ்களை நிறைத்துவிடுகிறது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. அன்று ஊன்றிய விதை பல சபாக்களாகப் பெருகியது. 2017இல் இசைக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ சென்னையைச் சேர்த்துக்கொண்டது. இந்தப் பெருமை எதையும் குறைத்துச் சொல்வது என் நோக்கம் அன்று. ஆனால் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புதுமடத்தில் அமர்ந்து அந்த நிரலை வாசிக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் பருவத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட எங்கள் சீமைக்கு இந்தப் பருவத்தில் என்ன இடம்?

பங்கு என்று சும்மா சொல்லவில்லை. இசை பயிலத் தொடங்கும் எந்தப் பிள்ளையும் விரைவில் வந்து சேரும் மோகன ராகத்து ‘நின்னுகோரி’ வர்ணத்தை இயற்றியவர் இராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்கார். அவருடைய மாணவர் அரியக்குடி இராமானுஜ அய்யங்கார். இன்று மேடையில் வர்ணத்தில் தொடங்கித் துக்கடாக்களில் முடியும் கச்சேரி முறைக்கு உருவம் தந்தவர் என்று இசையுலகம் அரியக்குடியைத்தான் சுட்டுகிறது. மிருதங்கத்தில் பாலக்காடு மணி அய்யர், பழனி சுப்பிரமணிய பிள்ளை ஆகியோருடன் சேர்த்து எண்ணப்படும் முருகபூபதி, அவர் சகோதரரும் மதுரை சேஷகோபாலனின் குருவுமான சங்கரசிவம், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகம் வரை சென்று கற்பித்த கிருஷ்ணன் என்று இந்தப் பட்டியல் நீளும். இவர்களுள் பலருடைய பெயருக்கு முன்னால் ‘ராம்நாட்’ நிற்கிறது. ஊர் அந்த முன்னொட்டில் மட்டும் தங்கிவிட்டது.

இதற்கு யாரையும் குற்றம் சொல்ல இயலாது. கலைஞர்களைப் போற்றி வைத்திருந்தது சேதுபதிகளின் சமஸ்தானம். நகரத்தில் சபாக்களும் வானொலியும் வளர்ந்தபோது கலைஞர்கள் அங்கே சென்றார்கள். 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தோடு மிச்சமிருந்த ஆதரவும் முடிந்தது. ஜமீன் போனது நல்லதே. ஆனால் அரசவை விட்டுச்சென்ற இடத்தில் பொதுமக்களுக்கான அவை ஒன்றை நாம் அமைக்கவில்லை. நம் குறை அதுதான்.

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் வெறுமையாகக் கழிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. உத்தரகோசமங்கையில் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும் மரகத நடராசர், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டித்தான் காப்புக் களைந்து காட்சி தருகிறார். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் நெஞ்சார அழைத்த ஊர் அது. கடலோர முஸ்லிம் ஊர்களில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இரவுகளில் கூடி ஓதிப் பொருள் சொல்லிக் கேட்ட வழக்கம் ஒன்று இருந்தது. நாகூரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட இசைமுரசு ஹனிபா பிறந்ததே இராமநாதபுரத்தில்தான். அதுவும் 1925 டிசம்பர் 25 அன்று, நடு மார்கழியில்! இருந்தும் டிசம்பர் இசை என்று சொல்லும்போது அவர் பெயர் யார் நினைவுக்கும் வருவதில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டம் உண்டு. ஒரு கூட்டம் மற்றதைக் கேட்பதில்லை என்பதே சிக்கல். எப்போதும் இப்படி இருக்கவில்லை. கீழக்கரை வள்ளல் சீதக்காதி கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர்; அவர் ஊக்கத்தில் தொடங்கியது சீறா. எமனேஸ்வரத்து ஜவ்வாதுப் புலவர் சேதுபதிகளின் ஆதரவைப் பெற்றவர். ஒரே சீமையில் தேவாரமும் கீர்த்தனையும் முகியித்தீன் பிள்ளைத்தமிழும் ஒலித்தன. அரசர் காலத்தில் இயன்றது மக்களாட்சியில் இயலாமல் போவது நமக்குச் சிறப்பா?

சென்னையிலேயே மாற்று முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையையும் ஒயிலாட்டத்தையும் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் கொண்டுவந்தது. 2015இல் டி.எம். கிருஷ்ணா, நித்தியானந்த் ஜெயராமன் முதலியோர் ஊரூர் ஆல்காட் குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் விழா எடுத்தார்கள். இரண்டும் போற்றத்தக்கவை. ஆனால் கிராமத்துக் கலை நகரத்துக்கு வருவதும் நகரத்துக் கலை குப்பத்துக்குப் போவதும் மட்டும் போதாது. எங்களுக்கு வேண்டியது விருந்தினர் மேடை அன்று. எங்கள் கலைகள் ஒன்றையொன்று முகம் பார்க்கும் மேடை.

அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மூன்று மாலைகள் போதும். மார்கழியில் இங்கே மழையும் வாடைக்காற்றும் மிகுதி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை இக்கரை மறக்கவில்லை. ஆகவே தைப் பொங்கலை அடுத்து வைத்துக்கொள்ளலாம். முதல் மாலை பூச்சி அய்யங்காரின் வர்ணங்களும் முருகபூபதி வழியில் வந்தோரின் மிருதங்கமும். இரண்டாம் மாலை சீறா ஓதலும் ஹனிபாவின் பாடல்களும். மூன்றாம் மாலை ஒயிலும் சிலம்பமும். ஒரே நிபந்தனை, மூன்று மாலைகளிலும் ஒரே அவையினர் அமர வேண்டும். இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவரோவியங்கள் பழைய அவைகளை இன்னும் நினைவில் வைத்திருக்கின்றன. அதன் அருகில் எங்கேனும் திறந்த வெளியில் ஒரு பந்தல் போட்டால் ஆயிற்று.

தடைகள் எனக்குத் தெரியாமல் இல்லை. இசையே ஆகாது என்று கருதும் நல்லோர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள்; அவர்களை வற்புறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் சீறா முதலில் தமிழ். அதைப் படித்துப் பொருள் சொல்ல வாத்தியம் எதுவும் வேண்டாம். மறுபுறம், கர்நாடக இசை தம் வீட்டுச் சொத்து என்று எண்ணுவோரும் உண்டு. முருகபூபதியின் தந்தை சித்சபை சேர்வை. அவரும் மிருதங்கம் வாசித்தவர். அந்தப் பெயரை அவர்களுக்கு ஒருமுறை நினைவூட்டினால் போதும்.

அவசரம் ஏன் என்று கேட்கலாம். இங்கே படித்த பிள்ளைகள் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்னைக்கும் போகிறார்கள். சீறாவைச் சந்தம் பிசகாமல் ஓதத் தெரிந்தவர்கள் முதியவர்கள். அவர்களுக்குப் பின் 5027 பாடல்களும் நூலகத்தில் பத்திரமாக இருக்கும். ஓதும் முறை இருக்காது. முன்னொட்டாகவேனும் ஊர்ப்பெயரைச் சுமந்த தலைமுறை ஒன்று நமக்கு வாய்த்திருந்தது. அடுத்த தலைமுறைக்கு அதுவும் இல்லாமல் போய்விடலாம். வருகிற தையிலேனும் தொடங்குவோமா?